படிக்கட்டு விளக்குக்கு 2 சுவிட்ச்... ஒன்று மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

இரவு 2 மணி. தண்ணீர் குடிக்க மாடியிலிருந்து இறங்க வருகிறார் பாட்டி. படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தட்டுகிறார். விளக்கு எரியவில்லை. "கீழ இருக்கிற சுவிட்சை யாரோ மாத்தி வச்சிட்டாங்க போல" என்று முணுமுணுத்தபடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருட்டிலேயே இறங்குகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விளக்கு இருக்கிறதா? "கீழ இருக்கிற சுவிட்சை மேல் பக்கமா வச்சாதான் மாடியில லைட் எரியும்" என்று வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்களா?

அப்படியென்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது அந்த விளக்கின் குணம் இல்லை. பழுது.

ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்காமலேயே அந்தப் பழுது எங்கே இருக்கலாம் என்று நீங்கள் ஓரளவு கண்டுபிடிக்க முடியும். ஆனால் சுவிட்சைத் திறந்து சரிசெய்யும் வேலை மட்டும் உங்களுடையது இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்த வகை சுவிட்சில் 'ஆஃப்' என்ற நிலையே கிடையாது.

இரு வழி சுவிட்ச் என்றால் என்ன?

ஒரே விளக்கை இரண்டு இடங்களிலிருந்து போடவும் அணைக்கவும் உதவுவது இரு வழி சுவிட்ச். எலக்ட்ரீஷியன்கள் 'டூ-வே' என்பார்கள்.

இரண்டு தள மெசனெட் வீடுகளிலும் தரைவீடுகளிலும் படிக்கட்டின் மேலும் கீழும் இதைப் பார்க்கலாம். புது பிடிஓ வீட்டைப் புதுப்பிக்கும் பலர், படுக்கையறைக் கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று என்று வைத்துக்கொள்கிறார்கள். படுத்தபடியே விளக்கை அணைக்கலாம் அல்லவா?

வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண சுவிட்ச் போலத்தான் இருக்கும். வித்தியாசம் உள்ளே.

சாதாரண சுவிட்சில் வயரைப் பொருத்த 2 முனைகள். தட்டினால் இரண்டும் இணையும். திரும்பத் தட்டினால் பிரியும். வாசல் கதவைத் திறந்து மூடுவது போல.

இரு வழி சுவிட்சில் 3 முனைகள். நடுநாயகமான முனைக்கு 'காம்' என்று பெயர். மற்ற இரண்டும் 'எல்1', 'எல்2'. காம் முனை எப்போதும் இந்த இரண்டில் ஒன்றோடு இணைந்தே இருக்கும். ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ரயில் இடப்பக்கம் போகும், இல்லையென்றால் வலப்பக்கம் போகும். பாதை மாறுமே தவிர மூடாது.

இரண்டு சுவிட்சும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன?

மின்சாரத்தைக் கொண்டு வரும் லைவ் வயர் முதல் சுவிட்சின் காம் முனைக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டாவது சுவிட்சுக்கு இரண்டு வயர்கள் போகின்றன. இரண்டாவது சுவிட்சின் காம் முனையிலிருந்து ஒரு வயர் விளக்குக்குப் போகிறது.

இரண்டு சுவிட்சும் ஒரே வயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் பாதை முழுமையாகும். விளக்கு எரியும். ஆளுக்கொரு வயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் பாதை அறுபடும். விளக்கு அணையும்.

அதனால்தான் எந்தச் சுவிட்சை எப்போது தட்டினாலும் விளக்கின் நிலை மாற வேண்டும். சுவிட்ச் மேல் பக்கம் இருக்கிறதா, கீழ்ப் பக்கம் இருக்கிறதா என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை.

சில வீடுகளில் இரண்டு சுவிட்சுக்கும் நடுவே 3 வயர்கள் ஓடும். உள்ளே இணைப்பு வேறு மாதிரி இருக்கும். ஆனால் கீழே சொல்லும் அறிகுறிகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

முதலில்: எப்போது சோதிக்கவே கூடாது?

இவற்றில் ஒன்று இருந்தாலும் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்காதீர்கள்:

- கருகிய வாடை, அல்லது சுவிட்சைச் சுற்றிப் பழுப்புக் கறை
- தட்டும்போது 'சரசர', 'பட்பட்' என்ற சத்தம் தொடர்ந்து கேட்பது
- சுவிட்சின் மூடி தொட்டால் சூடாக இருப்பது
- தொட்டால் கூச்சம் அல்லது லேசான ஷாக்
- சுவரிலோ கூரையிலோ தண்ணீர்க் கசிவு

டிபி பெட்டிக்குப் போய் விளக்குகளுக்கான சர்க்கிட் பிரேக்கரை இறக்கிவிடுங்கள். எது என்று தெரியவில்லையா? மெயின் சுவிட்சையே இறக்கிவிடுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஐஸ்கிரீம் உருகினால் பரவாயில்லை.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையா? அப்போது மேலே படிக்கலாம்.

பல்பைப் பார்த்தீர்களா?

கேட்கவே சிரிப்பாக இருக்கும். ஆனாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். சர்க்கிட் பிரேக்கரை இறக்கி, பல்பு ஆறிய பிறகு, நன்றாக வேலை செய்யும் வேறொரு பல்பை மாட்டிப் பாருங்கள். பல்பைக் கழற்ற முடியாத எல்இடி விளக்கு என்றால் அதன் உள்ளே இருக்கும் 'டிரைவர்' கெட்டிருக்கலாம். அதை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்.

டிபி பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். பிரேக்கர் ஏதாவது தானாக இறங்கியிருக்கிறதா? ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். உடனே மீண்டும் இறங்கினால் விட்டுவிடுங்கள். அது ஏதோ சொல்ல வருகிறது. வலுக்கட்டாயமாக ஏற்றி அதன் வாயை அடைக்காதீர்கள்.

4 நிலைச் சோதனை: ஒரு பேனா, ஒரு தாள் போதும்

இரண்டு சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. மொத்தம் 4 சேர்க்கைகள். மாடியில் இருப்பதை 'அ' என்றும், கீழே இருப்பதை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒருவரை மாடியில் நிற்கவைத்து, நீங்கள் கீழே நில்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சுவிட்சை மட்டும் மாற்றுங்கள்.

1. அ மேல், ஆ மேல்
2. அ மேல், ஆ கீழ்
3. அ கீழ், ஆ கீழ்
4. அ கீழ், ஆ மேல்

ஒவ்வொன்றிலும் விளக்கு எரிந்ததா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு முறையும் விடை ஒன்றாக வர வேண்டும். மாறி மாறி வந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது சுவிட்சின் உள்பாகம் தேய்ந்திருக்கலாம்.

விடை என்ன சொல்கிறது?

2 நிலைகளில் எரிகிறது, ஒவ்வொரு தட்டலுக்கும் மாறுகிறது: நல்ல செய்தி. இரண்டு சுவிட்சும் சரியாக இருக்கின்றன.

4 நிலைகளிலும் எரியவில்லை: பல்பும் பிரேக்கரும் சரியாக இருந்தால், இரண்டு சுவிட்சுக்கும் பொதுவான ஏதோ ஒன்று அறுபட்டிருக்கிறது. மின்சாரம் வரும் வயர், விளக்குக்குப் போகும் வயர், நியூட்ரல் வயர், அல்லது காம் முனை இணைப்பு. ஒரு சுவிட்ச் முற்றிலும் உடைந்திருந்தாலும் இப்படி ஆகலாம்.

1 நிலையில் மட்டும் எரிகிறது: பாட்டி வீட்டுக் கதை இதுதான். ஒரு சுவிட்ச் 'சரியான' பக்கம் இருந்தால்தான் மற்றது வேலை செய்யும். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடும் வயர்களில் ஒன்று அறுந்திருக்கலாம், கழன்றிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்துத் தொடுமுனை தேய்ந்திருக்கலாம். இன்னொன்று, யாரோ சுவிட்சை மாற்றும்போது காம் முனையில் போக வேண்டிய வயரை எல்1 அல்லது எல்2 முனையில் பொருத்தியிருக்கலாம்.

இந்த இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். எப்படிப் பிரிப்பது? வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" சுவிட்ச் மாற்றிய நாளிலிருந்து, அல்லது வீட்டைப் புதுப்பித்த நாளிலிருந்து என்றால் வயர் இடம் மாறிவிட்டது என்று சந்தேகிக்கலாம். பல வருடங்கள் நன்றாக இருந்து திடீரென்று இப்படி ஆனது என்றால் தேய்மானம் அல்லது தளர்ந்த இணைப்பு.

எல்1 வயரும் எல்2 வயரும் ஒரு சுவிட்சில் தங்களுக்குள் மட்டும் இடம் மாறியிருந்தால்? ஒன்றும் ஆகாது. மேல், கீழ் மட்டும் தலைகீழாகும். இடம் மாறக்கூடாத வயர், காம் முனையில் இருக்கும் ஒன்றுதான்.

2 நிலைகளில் எரிகிறது, ஆனால் ஒரு சுவிட்சைத் தட்டினால் எந்த மாற்றமும் இல்லை: அந்தச் சுவிட்சின் உள்பாகம் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் அந்தச் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும்.

3 நிலைகளிலோ, நான்கிலுமோ எரிகிறது: சேரக்கூடாத வயர்கள் எங்கோ சேர்ந்திருக்கலாம். அந்த விளக்குக்கான பிரேக்கரை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக ஒளிர்கிறது: பேய் இல்லை, பயப்படாதீர்கள். இரு வழி அமைப்பில் மின்சாரம் உள்ள வயரும் இல்லாத வயரும் நெடுந்தூரம் ஒட்டியபடியே ஓடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மிகச் சிறிய அளவு மின்னோட்டம் தொற்றிக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடிக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால் அது லேசாக ஒளிரும், அல்லது மினுக்கும். இருட்டில் தெரிவதற்காகச் சின்ன விளக்கு வைத்த சுவிட்சாலும் இப்படி ஆகலாம். வேறு வகை எல்இடி பல்பை மாட்டிப் பாருங்கள். தொடர்ந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். விளக்கருகே ஒரு சிறு பாகத்தைச் சேர்த்து இதைச் சரிசெய்ய வழி உண்டு. நியூட்ரல் வயரில் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்றும் அவர் பார்த்துவிடுவார்.

"சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத் திறந்தா என்ன?"

நிறைய பேர் இந்தக் கேள்வியில்தான் தவறு செய்கிறார்கள்.

இரு வழி சுவிட்சில் பாதை மாறுமே தவிர மூடாது என்று சொன்னோம், ஞாபகம் இருக்கிறதா? விளக்கு அணைந்திருக்கும்போதும் இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடும் வயர்களில் ஒன்றில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். சிங்கப்பூர் வீடுகளில் அது 230 வோல்ட். நீங்கள் கீழே மூடியைத் திறந்து கை வைத்திருக்கும்போது, மாடியில் தம்பி சுவிட்சைத் தட்டினால் அடுத்த நொடியே மின்சாரம் மற்றொரு வயருக்குத் தாவும்.

"சரி, அப்போ பிரேக்கரை இறக்கிட்டா?" அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஒரே மூடிக்குப் பின்னால் இரண்டு மூன்று சுவிட்சுகள் இருக்கலாம். அவை வெவ்வேறு பிரேக்கர்களிலிருந்து வரலாம். படிக்கட்டில் மேல்தள விளக்கும் கீழ்த்தள விளக்கும் ஒரே பெட்டியில் சந்திப்பது சகஜம். ஒன்றை இறக்கினால் இன்னொன்று உயிரோடு இருக்கும்.

வயரின் நிறத்தை நம்பலாமா?

இரு வழி சுவிட்சில் நம்பவே கூடாது.

சிங்கப்பூரில் 2009 முதல் வயர் நிறங்கள் மாறின. இப்போது வீடுகளில் லைவ் வயர் பழுப்பு, நியூட்ரல் நீலம். அதற்கு முந்திய வீடுகளில் லைவ் வயர் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. பழைய வீட்டைப் பாதி மட்டும் புதுப்பித்திருந்தால் இரண்டு காலத்து நிறங்களும் ஒரே சுவருக்குள் இருக்கலாம்.

போதாக்குறைக்கு, இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடும் வயர்கள் எந்த நிறத்திலும் இருக்கக்கூடும். கறுப்பாகவோ நீலமாகவோ இருப்பதால் அதை 'நியூட்ரல்தானே' என்று தொடுபவருக்கு அது லைவாக இருக்கும்.

கடையில் விற்கும் டெஸ்டர் ஸ்குரூடிரைவரும் முழுத் துணை இல்லை. அருகில் ஓடும் வயரின் பாதிப்பால் மின்சாரம் இல்லாத வயரிலும் அது ஒளிரலாம். டெஸ்டரே கெட்டிருந்தால் மின்சாரம் இருந்தும் ஒளிராமல் போகலாம்.

"ஆர்சிசிபி இருக்கே, அது காப்பாத்தாதா?"

டிபி பெட்டியில் 'டெஸ்ட்' பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் இருப்பது பொதுவாக 30 மில்லியாம்பியர் வகை. உங்கள் உடல் வழியே மின்சாரம் தரைக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும். உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு அது கட்டாயம். 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம். அது இல்லாத பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. தாத்தா பாட்டி 1985க்கு முந்திய வீட்டில் இருக்கிறார்களா? அடுத்த முறை போகும்போது டிபி பெட்டியைத் திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்லது. அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும்.

ஆனால் ஆர்சிசிபிக்கும் ஒரு கண்மறைவு உண்டு. ஒரு கை லைவ் வயரிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாகவே இருக்கும். உங்களையும் ஒரு பல்பு என்று அது நினைத்துக்கொள்ளும். துண்டிக்காது.

ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறீர்களா?

இணையத்தில் வாங்கிய ஸ்மார்ட் சுவிட்சை இரு வழி சுவிட்ச் இருந்த இடத்தில் அப்படியே மாட்ட முடியாது. பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் வயர் தேவை. சுவிட்ச் பெட்டிக்குள் அது பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் மறுபக்கம் வேலை செய்யாமல் போகலாம், அல்லது ஸ்மார்ட் சுவிட்சுக்கே மின்சாரம் நின்றுவிடலாம். வாங்கும் முன்பே, இரு வழிக்கு ஏற்றதா என்று பாருங்கள்.

யாரை அழைப்பது, என்ன சொல்வது?

சுவருக்குள் இருக்கும் நிரந்தர வயரிங் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். எரிசக்திச் சந்தை ஆணையம் உரிமம் வழங்குகிறது. எலக்ட்ரீஷியன், டெக்னிஷியன், எஞ்சினியர் என்று 3 பிரிவுகள் உண்டு. வீட்டு வேலைக்கு முதல் பிரிவு போதும். உரிமம் உள்ளவர்களை ஆணையத்தின் இணையப்பக்கத்தில் தேடலாம். வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

"லைட் எரியல, வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னால் அவர் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும். நீங்கள் எழுதி வைத்த தாள் இங்கேதான் கைகொடுக்கும். இப்படி ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம். படிக்கட்டு விளக்குக்கு 2 இடத்தில் டூ-வே சுவிட்ச் இருக்கிறது. 4 நிலைகளிலும் சோதித்தோம். இரண்டும் மேல் பக்கம் இருக்கும்போது மட்டும் எரிகிறது. பல்பு புதிது. போன மாதம் கீழ் சுவிட்சை மாற்றிய பிறகுதான் இப்படி. வாடை, சூடு எதுவும் இல்லை. வீடு 1990களில் கட்டியது. எப்போது வர முடியும், கட்டணம் எவ்வளவு?"

இரண்டு சுவிட்சின் படத்தையும், மூடியைத் திறக்காமல் எடுத்து அனுப்புங்கள். எந்தப் பெட்டியை முதலில் திறக்க வேண்டும், எந்தப் பொருளைக் கொண்டு வர வேண்டும் என்று அவருக்கு வரும்போதே ஓரளவு தெரிந்திருக்கும். நேரம் மிச்சமாகும்.

வேலை முடிந்ததும் அவர் கிளம்பும் முன் அதே 4 நிலைச் சோதனையை நீங்களே செய்யுங்கள். 2-ல் எரிய வேண்டும், 2-ல் அணைய வேண்டும், ஒவ்வொரு தட்டலுக்கும் மாற வேண்டும். அப்போதுதான் வேலை முடிந்தது.

அவர் வரும் வரை?

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் பேட்டரி விளக்கு ஒன்றை படிக்கட்டின் மேலும் கீழும் ஒட்டி வையுங்கள். வயர் வேண்டாம், துளை போட வேண்டாம். பாட்டியின் தலையணைப் பக்கத்தில் ஒரு டார்ச் லைட்டும் இருக்கட்டும்.

இரண்டு சுவிட்ச் வைப்பதன் நோக்கமே, யாரும் இருட்டில் ஒரு படிகூட இறங்கக்கூடாது என்பதுதான். அதில் ஒன்று வேலை செய்யாதபோது வீட்டில் இருப்பவர்கள் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறார்கள். வயதானவர்கள் புகார்கூடச் சொல்வதில்லை. "பரவால்ல, எனக்குப் பழகிடுச்சு" என்பார்கள்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அந்த 4 நிலைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 5 நிமிடம்கூட ஆகாது.